காசிருந்தால் ரவுணுக்கு, காசில்லாவிட்டால் கொப்பிக்கு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், தருமபுரம் தாண்டி உள்ளே இறங்கும் கிரவல் ஒழுங்கையொன்றில் அந்தக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. தொலைபேசிக் கம்பனியொன்று கொடுத்த விளம்பரத் தகரம்தான் முகப்பு. 2010இல் மீளக்குடியேறியபோது தறப்பாளுக்குக் கீழே ஒரு மேசையில் சீனி, தேயிலை, தீப்பெட்டி, பீடி என்று தொடங்கிய வியாபாரம். இப்போது கல்லால் கட்டிய ஓர் அறை, மூன்று ராக்கை, ஒரு குளிர்சாதனப் பெட்டி. நடத்துபவர் ஐம்பது வயதைக் கடந்த பெண். கணவர் 2009இல் இல்லாமல் போனவர். ஊரில் எல்லோரும் ‘கடையக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நான் போனது நுண்கடன் பற்றிய வேறொரு கட்டுரைக்காக. பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். ஒரு தீப்பெட்டியும் ஐம்பது ரூபாவுக்கு இஞ்சியும் கேட்டான். ஹான்டிலின் இரண்டு பக்கமும் கிளிநொச்சி நகரத்துச் சுப்பர்மார்க்கெட்டின் பைகள் தொங்கின. அரிசி, மா, பால்மா, சவர்க்காரம், பிஸ்கற். மாதச் சாமான். ரவுணில் மறந்துபோன இரண்டு பொருட்களுக்காகத்தான் இங்கே நின்றிருக்கிறான். அவனுடைய தாய் ஆசிரியை என்று பிறகு தெரிந்தது.

அவன் போனபிறகு கடையக்கா சிரித்தார். “காசு இருந்தா ரவுணுக்குப் போகினம். காசு இல்லாட்டி என்னட்டை வருகினம். பிழை சொல்ல ஏலாது தங்கச்சி, அங்க மலிவுதானே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பையிலும் அதே சுப்பர்மார்க்கெட்டின் அங்கத்தவர் அட்டை இருந்தது. நுண்கடன் கட்டுரையை விட்டுவிட்டு அந்தக் கடையின் கணக்கைக் கேட்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அப்படி வந்தது.

மலிவை இளக்காரம் செய்ய முடியாது

பெரிய கடையில் வாங்குவது சரியா பிழையா என்ற கேள்வியைக் கொழும்பில் ஒருவர் கேட்பதற்கும் வன்னியில் ஒருவர் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். சவர்க்காரமும் மெழுகுதிரியும் பற்றரியும் மண்ணெண்ணெயும் ஓமந்தைக்கு அந்தப் பக்கம் சாதாரணப் பொருட்கள். இந்தப் பக்கம் அவை தடைப் பட்டியலில் இருந்தன. நான் எழுத்துக் கற்றது ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில். துளி பெற்றோல் காட்டி இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் மணம் இன்றும் மூக்கில் இருக்கிறது. போரின் கடைசி மாதங்களில் ஒரு பால்மாப் பைக்கற்றுக்கும் ஒரு தேங்காய்க்கும் என்ன கொடுத்தோம் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. வாசிக்கிறவர்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் போருக்குப் பிறகு ஏ9 வீதியோரம் கண்ணாடிக் கதவுகளோடு சுப்பர்மார்க்கெட்டுகள் வந்தபோது, அதை ‘நுகர்வு மோகம்’ என்று மேடையில் பேசியவர்களோடு என்னால் முழுதாக உடன்பட முடியவில்லை. முதல்முறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன நாள் நினைவிருக்கிறது. தள்ளுவண்டியைப் பிடித்தபடி ஒவ்வொரு வரிசையாக நடந்தார். எதையும் எடுக்கவில்லை. கடைசியில் நாலு சவர்க்காரக் கட்டி மட்டும் வாங்கினார். வீட்டில் ஏற்கெனவே ஆறு கிடந்தது.

அங்கே விலை எழுதியிருக்கிறது. பில் தருகிறார்கள். காலாவதித் திகதியைத் திருப்பிப் பார்த்தால் யாரும் முறைப்பதில்லை. தனியாக வாழும் ஒரு பெண் என்ன வாங்குகிறாள், எவ்வளவுக்கு வாங்குகிறாள், காசு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஊர்க்கடையில் இவை எல்லாமே கேள்வியாகும். கணவனை இழந்த ஒரு பெண் முகப்பூச்சு வாங்கினால் அந்தச் செய்தி பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கப் போய்விடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊர்க்கடை எல்லோருக்கும் ஒரே மாதிரி ஊர்க்கடையாக இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேநீர்க்கடைகளில் சமமாக இருந்து குடிக்கும் உரிமையே போராடித்தான் கிடைத்தது. அதற்காக 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் என்று ஒன்று வரவேண்டியிருந்தது. சட்டம் வந்தபிறகும் போராட்டம் 60களின் இறுதிவரை நீண்டது. வரிசையில் நின்று, தானே ராக்கையிலிருந்து பொருளை எடுத்து, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே பில்லை வாங்கிக்கொண்டு வெளியே வருவது ஒருவருக்கு அற்பமான விடயமாகத் தெரியலாம். ‘அங்கால நில்’ என்று சொல்லப்பட்ட அப்பாவின் பிள்ளைக்கு அது அற்பமல்ல.

மலிவு எங்கிருந்து வருகிறது?

இலங்கையின் மிகப் பெரிய சுப்பர்மார்க்கெட் சங்கிலி கார்கில்ஸ். 1844இல் தொடங்கிய அந்த நிறுவனம் தன் முதல் சுப்பர்மார்க்கெட்டைக் கொழும்பு ஸ்ரேபிள் வீதியில் திறந்தது 1983இல். (எங்களுக்கு அந்த ஆண்டின் பெயர் வேறு.) 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதன் பிள்ளைகள்தான் இந்தச் சங்கிலிக் கடைகள். அதே 1977 யாழ்ப்பாணத்து வெங்காயம், மிளகாய்ச் செய்கையாளர்களுக்கு என்ன செய்தது என்பதை வயதானவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அதற்கு முந்தைய அரசாங்கத்தின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டியவர்கள் இருந்தார்கள். இறக்குமதி திறந்ததும் செத்தல் மிளகாய் மலிந்தது. வாங்கியவருக்கு நல்லது. விளைவித்தவர் விழுந்தார். இரண்டும் ஒரே விலையின் இரண்டு பக்கம்.

சுப்பர்மார்க்கெட்டின் மலிவு பெரும்பாலும் அளவிலிருந்து வருகிறது. நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கிளைகளுக்கு ஒரே தடவையில் கொள்வனவு செய்கிறவருக்கு ஒரு சவர்க்காரக் கம்பனி கொடுக்கும் விலையும், கடையக்காவுக்கு வானில் வரும் விற்பனைப் பிரதிநிதி கொடுக்கும் விலையும் ஒன்றல்ல. கடையக்கா ஒரு பெட்டி எடுப்பார். அதற்குக் கழிவு கேட்டால் பிரதிநிதி சிரிப்பார். இதற்குமேல், பார்வைபடும் தட்டில் தங்கள் பொருளை வைக்கவும் கம்பனிகள் கடைச் சங்கிலிகளுக்குச் சலுகை கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சில பொருட்களை இலாபமின்றியே போடுவார்கள். சீனியோ பருப்போ முட்டையோ. அந்த ஒரு பொருளின் விலையைப் பார்த்து உள்ளே போகிறவர் வெளியே வரும்போது பத்துப் பொருள் எடுத்திருப்பார். எல்லாமே மலிவு என்று நினைத்துக்கொண்டுதான் வருவார்.

வீட்டில் ஒரு நாள் இருந்து இரண்டு பில்லையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பைக்கற்றில் வரும் பொருட்களில் சுப்பர்மார்க்கெட் மலிவு, சந்தேகமில்லை. தேங்காய், கீரை, மீன், உள்ளூர் அரிசி ஆகியவற்றில் ஊர்க்கடையும் சந்தையும் மலிவு, அல்லது சரிசமம். விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில் போய், திரும்பும்போது சுமைக்காக ஓட்டோ பிடித்தால் மிச்சம் பிடித்த காசு வீதியிலேயே போய்விடும். மோட்டார் சைக்கிள் இருக்கிறவருக்கும், எப்படியும் வேலைக்காக ரவுணுக்குப் போகிறவருக்கும் மட்டுமே அந்த மலிவு முழுதாகக் கிடைக்கும்.

கழிவுகளைப் பாருங்கள். கிழமையில் குறிப்பிட்ட நாட்களில் மரக்கறிக்கும் பழத்துக்கும் கால்வாசி விலை குறைப்பு என்று பலகை வைத்திருப்பார்கள். கிட்டப் போய் வாசித்தால் அது குறிப்பிட்ட வங்கிகளின் கடனட்டைக்கு. கடனட்டை யாருக்குக் கொடுக்கிறார்கள்? நிலையான சம்பளம் இருப்பவருக்கு. நாட்கூலிக்காரர் அதே கத்தரிக்காயை முழு விலை கொடுத்து வாங்குவார். ஊர்க்கடையிலோ அவர் ஷாம்போவையும் பால்மாவையும் சின்னச் சின்னப் பைக்கற்றாக வாங்குவார். கிராம் கணக்கில் பார்த்தால் அவர்தான் கூடிய விலை கொடுக்கிறார். மொத்தமாக வாங்கக் கையில் காசு இருக்க வேண்டும்.

கொப்பியின் கணக்கு

இப்போது கடையக்காவின் கணக்குக்கு வருகிறேன். இதுதான் எனக்குப் புதிதாக இருந்தது.

அந்தக் கடையை நம்பியிருப்பது ஏறத்தாழ 90 குடும்பங்கள். அதில் மாதச் சம்பளம் வரும் வீடுகள் 20 வரை. ஆசிரியர்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகள், வெளிநாட்டுக் காசு வரும் இரண்டு மூன்று வீடுகள். மற்ற 70 குடும்பமும் வயல், தோட்டம், கூலி. முன்பு மாதம் பிறந்து முதல் கிழமைக்குள் சம்பள வீடுகளிலிருந்து சாமான் துண்டுகள் வந்துவிடும். ஒரு துண்டு 20,000 ரூபா, 25,000 ரூபா வரும். அந்த ஒரு கிழமையில் நாலு லட்சத்துக்கு மேல் கைக்காசு புரளும். அதில் மொத்த வியாபாரிக்கும் கம்பனி வானுக்கும் பழைய கணக்கை முடித்து, புதுச் சரக்கு எடுப்பார். அந்தச் சரக்கில் பெரும்பகுதியை மற்ற 70 குடும்பங்களுக்குக் கொப்பியில் எழுதிக் கொடுப்பார்.

கொப்பிக்காரர் எப்போது கட்டுவார்? காலபோகம் வெட்டியபிறகு. அல்லது கூலிக்காசு கிடைக்கும் கிழமையில். மாசியில், பங்குனியில் பெரும்பாலான பக்கங்களில் கோடு விழும். மழை பிழைத்தால், அல்லது வெட்டு நேரத்தில் மழை பெய்தால், அடுத்த போகத்துக்குத் தள்ளும். வட்டி என்று எழுதுவதில்லை. பொருளின் விலையில் ஐந்து பத்து ரூபா கூட இருக்கும். கேட்டேன். கடையக்கா ஒளிக்கவில்லை: “கடனுக்குக் குடுக்கிற சாமானில கொஞ்சம் கூடத்தான் போடுவன். இல்லாட்டி எப்பிடி?”

ஆக, ஆசிரியையின் வீடு முதல் கிழமையில் கொடுத்த கைக்காசுதான் நாலு வீடு தள்ளியிருந்த கூலிக்காரியின் பிள்ளைகளுக்கு ஐப்பசி, கார்த்திகையில் சோறாகியிருக்கிறது. ஆசிரியைக்கு அது தெரியாது. கூலிக்காரிக்கும் தெரியாது. இருவருக்கும் நடுவே ஒரு கடையும் ஒரு கொப்பியும் இருந்தன, அவ்வளவுதான். ஊருக்குள் ஒரு வங்கி பெயரில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அதன் வைப்பாளர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாது.

சம்பள வீடுகள் ரவுணுக்குத் திரும்பியபோது உடைந்தது இந்த இடம்தான். கடைக்கு ஆட்கள் வருவது குறையவில்லை. மாதத்தின் கடைசிப் பத்து நாளில் சம்பளக்காரரும் வருகிறார்கள். அவர்களும் கடனுக்குத்தான். காசு மட்டும் வேறு திசையில் போகிறது. முன்பு கொப்பிக்கு வரம்பு இருக்கவில்லை. பிறகு ஒரு வீட்டுக்குப் 10,000 ரூபா என்று வைத்தார். நான் பேசியபோது 3,000 ரூபா. புதுக்குடும்பம் வந்தால் கொப்பி கிடையாது.

கொப்பி மூடப்பட்டால் அந்த 70 குடும்பங்களும் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போகப் போவதில்லை. அவர்கள் வீட்டு வாசலுக்கு நுண்கடன் வரும். கடையக்காவின் கொப்பி போகத்தைப் பார்த்து நகர்கிறது. நுண்கடன் கிழமைக்குக் கிழமை நகர்கிறது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கட்ட வேண்டும் என்றால் கட்ட வேண்டும், வயலில் தண்ணீர் நின்றாலும். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில நுண்நிதிக் கடன்களின் ஆண்டு வட்டி 220 வீதம் வரை போயிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது, வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. அதன்பிறகும் 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வடக்கிலும் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்களில் பலரிடம் நான் பேசியிருக்கிறேன். கடன் எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டால் ‘சுயதொழிலுக்கு’ என்று விண்ணப்பத்தில் எழுதியதைச் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்திருந்து மறுபடி கேட்டால், சாப்பாட்டுச் சாமானுக்கு என்பார்கள்.

2022ஐயும் நினைத்துப் பார்க்கலாம். ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். பால்மா எங்கும் இல்லை. அந்த மாதங்களில் கடையக்காவுக்கு எப்போதாவது ஒரு பெட்டி பால்மா வந்தால், கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஒவ்வொரு பைக்கற்றாக எடுத்து வைத்திருக்கிறார். யார் வீட்டில் கைக்குழந்தை என்பது கணினிக்குத் தெரியாது. (யார் வீட்டில் முகப்பூச்சு என்பதும் தெரியாது என்று முன்பு புகழ்ந்தேன். ஊர் அறிந்திருப்பதில் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன.)

அமெரிக்காவில் ஒரு சிற்றூர்

பெரிய மலிவுக் கடைகள் கிராமங்களுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நீண்ட அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. வோல்மார்ட் தன் முதல் கடையை 1962இல் ஆர்கன்சோ மாநிலத்தின் ரோஜர்ஸ் என்ற சிறு நகரத்தில் திறந்தது. மற்றப் பெரிய கடைகள் கவனிக்காத சிற்றூர்களைத் தேடிப்போனதுதான் அதன் நிறுவுநர் சாம் வோல்டனின் வழி. மக்களுக்கு மலிவாகப் பொருள் கிடைத்தது உண்மை. பின்னாளில், 2020இல், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் சில மாநிலங்களை ஆராய்ந்தபோது, அரச உணவு உதவி பெறும் தொழிலாளர்களை அதிகமாக வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்களின் வரிசையில் வோல்மார்ட் முன்னணியில் இருந்தது.

எனக்கு மறக்காத உதாரணம் வட கரோலைனாவில் உள்ள ஓரியன்டல் என்ற ஊர். ஆயிரம் பேர்கூட இல்லாத கரையோரச் சிற்றூர். 2014இல் அங்கே வோல்மார்ட்டின் சிறிய கடையொன்று வந்தது. ஊரில் நெடுங்காலம் இருந்த மளிகைக் கடை தாக்குப்பிடிக்க முடியாமல் மூடப்பட்டது. 2016 ஜனவரியில் வோல்மார்ட் உலகெங்கும் 269 கடைகளை மூடுவதாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் ஓரியன்டலும் இருந்தது. ஊரில் இரண்டு கடையும் இல்லை.

கிளிநொச்சியில் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே இன்னும் சந்தை இருக்கிறது, கடைகள் அடர்த்தியாக இருக்கின்றன. ஆனால் கிளை திறப்பதும் மூடுவதும் தலைமை அலுவலகத்தில் முடிவாகின்றன, அதில் ஊரின் குரல் இல்லை என்பது எங்கும் ஒன்றுதான்.

வேலைவாய்ப்புப் பற்றியும் ஒரு வார்த்தை. நகரத்துச் சுப்பர்மார்க்கெட்டில் காசாளராக இருக்கும் 23 வயதுப் பெண்ணொருத்தியிடம் பேசினேன். நின்றபடி வேலை. பண்டிகைக் காலத்தில் லீவு கேட்க முடியாது. கணக்குக் குறைந்தால் பதைப்பு. ஆனாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு அவளிடமிருந்து 8 வீதமும் நிறுவனத்திடமிருந்து 12 வீதமும் போகிறது, அதற்குமேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் கிழமைக்கு 45 மணித்தியாலம் என்கிறது. அதைக் காட்டிக் கேட்க அவளுக்கு ஒரு நியமனக் கடிதமாவது இருக்கிறது. ரவுணில் எங்கள் ஆட்களின் புடவைக் கடைகளில் காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை நிற்கும் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது? ‘எங்கட கடை’ என்ற சொல்லைப் பாவிக்கும்போது இதையும் சேர்த்துத்தான் பாவிக்க வேண்டும்.

யாருடைய கடை?

வாங்குவதில் அறம் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. போர் முடிந்த ஆண்டுகளில் ஏ9 வீதியோரம் இராணுவம் நடத்திய சிற்றுண்டிச்சாலைகளில் தேநீர் குடிப்பதா இல்லையா என்பதை ஒவ்வொரு பஸ் பயணியும் தனக்குள் தீர்மானித்திருக்கிறார். தாகத்தோடு இறங்காமல் இருந்தவர்களும் உண்டு. பிள்ளை அழுததால் இறங்கியவர்களும் உண்டு. இரண்டாமவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

சுப்பர்மார்க்கெட் பற்றிய பேச்சும் சீக்கிரமே ‘தெற்கு முதலாளி’ என்ற இடத்துக்கு வந்துவிடுகிறது. இலாபம் வடக்கை விட்டுப் போகிறது என்பது சரி. ஆனால் கடையக்காவின் ராக்கையில் இருக்கும் சவர்க்காரமும் பிஸ்கற்றும் பால்மாவும் தெற்கிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோதான் வருகின்றன. தமிழ் முதலாளி ஒருவர் நாளை இதே சங்கிலிக் கடையைத் திறந்தால் கொப்பிக்கு நடப்பது அதேதான். ஆகவே முதலாளி யார் என்று கேட்பதோடு, காசு எந்த வழியால் போய் எங்கே தங்குகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்கு எங்களிடம் ஒரு பழைய பதில் இருந்தது: கூட்டுறவு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பங்கீட்டுப் பொருட்களுக்காகப் பெருகிய கூட்டுறவுக் கடைகள் பின்னர், 1957க்குப் பிறகு, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாயின. யாழ்ப்பாணத்தில் மூளாயில் வைத்தியசாலையே கூட்டுறவாக நடத்தினார்கள். போருக்குள்ளும் இடப்பெயர்வுகளுக்குள்ளும் நிவாரண அரிசியும் பருப்பும் சங்கங்கள் ஊடாகத்தான் வந்தன. மீளக்குடியேறியவர்களுக்கு உலக உணவுத் திட்டத்தின் உலருணவைப் பங்கிட்டதும் அவைதான். இன்றும் பல ஊர்களில் சங்கக் கடைகள் இருக்கின்றன. போய்ப் பார்த்தால் பாதித் தட்டு வெறுமை, மின்விசிறிக்குக் கீழே பத்திரிகை வாசிக்கும் ஊழியர், நிர்வாகத்தில் கட்சிச் சண்டை. எல்லாச் சங்கமும் இப்படியல்ல. ஆனால் பல சங்கங்கள் இப்படித்தான்.

ஆனாலும் ஒரு விடயத்தைச் சங்கங்களால் மட்டுமே செய்யலாம். ஒரு பெட்டி எடுக்கும் கடையக்காவுக்குக் கம்பனி கழிவு கொடுக்காது. அப்படியான நூறு கடைகளுக்கும் சேர்த்துச் சங்கம் நூறு பெட்டி எடுத்தால் பேரம் பேசலாம். தனித்தனிச் சங்கக் கடையை நடத்திச் சுப்பர்மார்க்கெட்டோடு போட்டி போடுவதைவிட, ஊர்க்கடைகளுக்கு மொத்த வியாபாரியாகச் சங்கம் மாறுவது நடக்கக்கூடியது என்றே நினைக்கிறேன். இதைக் கடையக்காவிடம் சொன்னேன். “முதல்ல சங்கத்தில சீனி இருக்கோணும்” என்றார்.

அதுவரை? எல்லோருக்கும் ஒரே அறிவுரை சொல்ல முடியாது. மூன்று பிள்ளைகளோடு கூலிக்குப் போகும் பெண்ணிடம் ‘சுப்பர்மார்க்கெட்டுக்குப் போகாதே, ஊர்க்கடையை ஆதரி’ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. எங்கே ஐந்து ரூபா குறைகிறதோ அங்கே அவர் வாங்கட்டும். கேள்வி சம்பளம் வாங்கும் எங்களைப் பற்றியது. ஒரு மாதத்தில் சுப்பர்மார்க்கெட்டில் எனக்கு மிச்சமானது எவ்வளவு என்று பில்களை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். ஆயிரத்துச் சொச்சம் ரூபா. என் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்காரர் யாருக்கெல்லாம் கொப்பி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. இப்போது அரிசி, பருப்பு, தேங்காய், முட்டை, மா ஆகியவற்றை மாதத்தின் முதல் கிழமையிலேயே கைக்காசுக்கு அவரிடம் எடுக்கிறேன். மிச்சத்துக்கு அட்டையோடு ரவுணுக்குத்தான் போகிறேன். இது பெரிய தியாகம் ஒன்றுமில்லை, அறமா என்றும் தெரியவில்லை. ஒரு கணக்கு.

கடையக்காவிடம் விடைபெறும்போது அவர் மேசை இழுப்பறையைத் திறந்து காசு எண்ணி என்னிடம் நீட்டினார். அந்தக் கிழமை நகரத்துச் சுப்பர்மார்க்கெட்டில் பால்மாவுக்கு விலை குறைத்திருக்கிறார்கள், கம்பனி வான் தனக்குத் தரும் விலையைவிட அது குறைவு, இரண்டு பைக்கற் எடுத்து பின்னேர பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொன்னார்.

“ஒராளுக்கு ரெண்டுதான் குடுப்பினம். என்ர ரெண்டு மருமக்களும் காலமையே போய் எடுத்திட்டாங்கள். உங்கட முகம் அவைக்குப் புதுசுதானே.”

போய் வரிசையில் நின்றேன். இரண்டு பைக்கற் தந்தார்கள். என் அங்கத்தவர் அட்டைக்குப் புள்ளியும் ஏறியது.